குழந்தைராஜின் ஈரலும் ஒரு தவக்காலமும்

வடவாற்றங்கரையில் லஸ்கர் வேலை பார்க்கும் குழந்தைராஜ், பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒரு பெரிய முடிவை எடுத்துவிட்டார். இனி யாருக்கும் பயப்படுவதில்லை. இன்றைக்குத் தட்டில் ஆட்டுக்கறி விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் கேட்டுவிடுவது. கேட்டும் விழாவிட்டால் மறுபடியும் கேட்பது. அதற்கு மேல் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முடிவே எடுத்திருக்க மாட்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோதே சந்தேகம் தட்டியது. வாசனை வரவில்லை. மனைவி பாத்திமா மேரி தட்டை வைத்தாள். சோறு வைத்தாள். பக்கத்தில் வெளுப்பாக எதையோ வைத்தாள்.

"என்னம்மா இது?"

"சுரைக்காய்."

"அது தெரியுது. இன்னிக்கி ஞாயித்துக்கிழமை."

"சுரைக்காய்க்குக் கிழமை கிடையாதுங்க."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"இருக்கே. சுரைக்காய்த் தோல் துவையல்."

குழந்தைராஜ் மறுபடியும் கேட்கவில்லை. எடுத்த முடிவில் பாதியையாவது நிறைவேற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தார்.

லஸ்கர் என்றால் ஆற்று மதகுகளைத் திறந்து மூடுகிறவர். பொதுப்பணித்துறை உத்தியோகம். முப்பது வருஷமாக எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அவர் கைத்திருகலில் இருந்தது. பெரிய மிராசுதார்கள்கூட அவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவார்கள். வீட்டுக்குள் அவருடைய ஷட்டரைத் திருகுகிறவள் பாத்திமா மேரி.

அந்த நிலைமை வந்தது மூன்று மாசத்துக்கு முன் ஆபீசில் நடந்த மருத்துவ முகாமால். ரத்தத்தை எடுத்துப் பார்த்த டாக்டர், கொலஸ்ட்ரால் மிக அதிகம், கெட்ட வகை அதைவிட அதிகம், தினம் ஒரு மாத்திரை போட்டே ஆக வேண்டும், வாழ்நாள் முழுக்க, என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குழந்தைராஜ் மாட்டவே மாட்டேன் என்றார். அவருக்குக் காரணம் இருந்தது. அண்ணன் சகாயராஜுக்கும் இதே மாதிரி ஒரு மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் போட்டார். எட்டாம் நாள், மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. அண்ணன் அதற்கு முன் இருபது வருஷம் தின்ற தீனி எதுவும் குழந்தைராஜுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு வாரம் தின்ற மாத்திரைதான் தெரிந்தது. அதுதான் அண்ணனைக் கொன்றது என்று அவர் மனதில் ஆணியடித்த மாதிரி பதிந்துவிட்டது.

பாத்திமா மேரியும் அன்று அந்த வீட்டில் இருந்தாள். கீழே கிடந்த மச்சாண்டாரை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தாள். அந்த முகம் தனக்கு வந்துவிடக் கூடாது. உலகத்தில் அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், மாதாவிடம் முறையிட்டும் பார்த்தாள். மாத்திரை மட்டும் அவர் தொண்டைக்குள் இறங்கவில்லை. சரி, கறியையாவது நிறுத்துவோம் என்று சுரைக்காயைப் பிடித்தாள்.

அவள் பிறந்தது கோடியக்கரைப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. தலைமடைக்காரர்களோடு சண்டை போட்டுத் தண்ணீர் வாங்க முடியாது என்பது அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு விவரம் தெரியும் வயதிலேயே தெரிந்துவிடும். காத்திருந்துதான் வாங்க வேண்டும்.

பொங்கல் லீவுக்கு வந்திருந்த மகள் பிரின்ஸி, அப்பா சுரைக்காயைத் தட்டில் ஓரம் ஓரமாக ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சென்னையில் ஒரு பெரிய ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் ஊர் ரத்தத்தை விமானத்தில் ஏற்றி இங்கே அனுப்பிச் சோதித்து வாங்கிக்கொள்ள ஆரம்பித்திருந்த காலம். தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போயிருந்தார்கள். பிரின்ஸியிடம் வெளிநாடே சீசாவில் வந்தது.

"அப்பா, கொலஸ்ட்ரால் ரெண்டு வழியா வருது. ஒண்ணு, சாப்பாட்டுலேருந்து குடல் இழுத்துக்கறது. இன்னொண்ணு, ஒங்க ஈரலே தயாரிக்கறது."

"ஈரல் தயாரிக்குதா?"

"ஆமாப்பா. நீங்க தூங்கறப்ப இன்னும் ஜாஸ்தியாத் தயாரிக்கும்."

"என்னயக் கேக்காமயா?"

"யாரையும் கேக்காது. அது இல்லேன்னா மூளை இல்ல, நரம்பு இல்ல. ஒடம்புல இருக்கற கோடிக்கணக்கான செல்லுக்கு அதுதான் சுவத்துப் பூச்சு. வேணுங்கறதாலதான் செய்யுது. அளவு மீறினா ரத்தக்குழாய்ல படியும்."

குழந்தைராஜ் பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். முப்பது வருஷமாக ஆற்றைத் தான்தான் நிர்வகிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர். தன் விலாவுக்குக் கீழேயே ஒன்று லீவு இல்லாமல், பென்ஷன் கேட்காமல், பிறந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை இன்றைக்குத்தான் யாரோ அவரிடம் சொல்கிறார்கள். இடது கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மரியாதையாகத்தான் தொட்டார்.

"வலது பக்கம்ப்பா," என்றாள் பிரின்ஸி.

கையை மாற்றிக்கொண்டார். "அப்ப குடல் வழியா வர்றது ஆத்துத் தண்ணி. ஈரல்லேருந்து வர்றது போர்த் தண்ணி."

"கரெக்டாச் சொல்லிட்டீங்க."

"கரண்டும் ஃப்ரீ." தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு எந்தத் தண்ணி ஜாஸ்தி?"

"சாதாரண டெஸ்ட்ல தெரியாது. எங்க லேப்ல பாத்துரலாம். செடிகொடிகள்லயும் கொலஸ்ட்ரால் மாதிரியே ஒண்ணு இருக்குப்பா. எள்ளு, கடலை எல்லாத்துலயும் இருக்கு. மனுஷ ஒடம்பு அதத் தயாரிக்கவே முடியாது. அப்ப ஒங்க ரத்தத்துல அது எவ்வளவு இருக்கோ, அவ்வளவும் குடல் உள்ள விட்டது. குடல் மடை எவ்வளவு தொறந்திருக்குன்னு அது காட்டிக் குடுத்துரும்."

"ஈரலுக்கு?"

"ஈரல் கொலஸ்ட்ரால் செய்யறப்ப, பாதி செஞ்ச சரக்கு கொஞ்சம் ரத்தத்துல கசியும். அது எவ்வளவு இருக்கோ அவ்வளவு வேகமா மோட்டார் ஓடுதுன்னு அர்த்தம்."

"நேத்து நான் நல்லெண்ண ஊத்தித் தின்ன தோச, என் ரத்தத்துல நின்னு சாட்சி சொல்லுமா?"

"சொல்லும்ப்பா."

குழந்தைராஜ் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கையை நீட்டினார். பிரின்ஸி எடுத்த ரத்தத்தை ஐஸ் பிளாஸ்க்கில் வைத்து ரயிலில் கொண்டுபோனாள். ஸ்டேஷனில் மகளுக்குக் கையாட்டிய அவர், பிளாஸ்க்குக்கும் ஒருமுறை தனியாகக் கையாட்டினார்.

சில வாரம் கழித்துப் போன் வந்தது. செல்போனை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்கள்.

"கெட்ட கொலஸ்ட்ரால் நூத்தித் தொண்ணூத்தெட்டு இருக்குப்பா. ரொம்ப ஜாஸ்தி. ஆனா குடல் அவ்வளவா இழுக்கல. ஈரல்தான் தாறுமாறா ஓடுது. உங்களுது போர்த் தண்ணி."

குழந்தைராஜ் எழுந்து நின்றார். நீதிமன்றத்தில் விடுதலையானவர் முகம். "கேட்டுக்கிட்டியா மேரி? ஆத்த அடைச்சா போர் நிக்குமா? நாலு மாசமா என்னயச் சுரைக்காயால அடிச்சியே."

"அப்பா, அதுக்காகக் கறி தின்னலாம்னு அர்த்தம் இல்ல. ஆத்துத் தண்ணியும் சேந்தா வெள்ளந்தான். போர் ஓடறவங்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் பத்தாதுங்கறேன். மோட்டார அணைக்கணும். அதுக்கு அந்த மாத்திரைதான்."

"வேற பேசு," என்றார் குழந்தைராஜ்.

"பெரியப்பாவுக்கும் இதே மாதிரிதான் இருந்திருக்கும்ப்பா."

குழந்தைராஜ் போனை எடுத்து அணைத்துவிட்டார். பாத்திமா மேரி ஒன்றும் பேசாமல் அரிசி களையப் போய்விட்டாள். அவள் பேசாமல் போனது நல்ல சகுனம் என்று குழந்தைராஜ் எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அப்படி எடுத்துக்கொண்டாரே, அதுதான் ஆச்சரியம்.

சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் தொடங்கினால் அந்தத் தெருவில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை ஈஸ்டர் வரைக்கும் விட்டுவிடுவார்கள். ஒறுத்தல் என்று பெயர். சிலர் டீயை விடுவார்கள். சிலர் சீரியலை விடுவார்கள். பாத்திமா மேரி வருஷா வருஷம் காப்பியை விடுவாள். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியவள், வாசலிலேயே அவரை நிறுத்தினாள்.

"ஏங்க, இந்த வருஷம் நான் காப்பிய விடப் போறதில்ல."

"பின்ன?"

"மாத்திரைய."

"நீ எங்க மாத்திரை போடுற?"

"அந்தப் பேச்ச விடறேங்க. ஈஸ்டர் முடியற வரைக்கும் அந்த வார்த்தைய உங்ககிட்ட எடுக்க மாட்டேன். ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்துட்டேன்."

குழந்தைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தவக்காலம் என்பது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள். "அதுவரைக்கும் நான் போடறதத்தான் தின்னணும். ஈஸ்டருக்கு பிரின்ஸி வந்து ரத்தம் எடுக்கட்டும். வெறும் சாப்பாட்டாலயே அந்தக் கெட்டது நூத்தி முப்பதுக்குக் கீழ எறங்கிடுச்சுன்னா, ஞாயித்துக்கிழமதோறும் கறி. நான் சாகற வரைக்கும் அந்த வார்த்தைய எடுக்க மாட்டேன்."

"எறங்கலேன்னா?"

"எறங்கலேன்னா, அப்புறம் நான் சொல்றத நீங்க கேக்கணும்."

"என்ன சொல்லுவ?"

"அதத்தான் விட்டுட்டேனே. எப்படிச் சொல்றது?"

குழந்தைராஜ் கையடித்துக் கொடுத்துவிட்டார். தவக்காலத்தில் எப்படியும் கறி கிடையாது. நாற்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை. இதைவிட லாபமான பேச்சுவார்த்தையை ஆற்றுப் பிரச்சினையில்கூட அவர் பார்த்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவில்லை. தை மாசம் பாதியிலேயே மேட்டூர் அணையைச் சாத்திவிட்டார்கள். ஆற்றில் மணல்தான் ஓடியது. தண்ணீர் இல்லாத ஆற்றில் லஸ்கருக்கு என்ன வேலை? ஷட்டருக்குக் கிரீஸ் தடவினார். கரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் கறி ஞாபகம் வந்தது. எழுந்து நடந்தால் கறிக்கடை வந்தது.

இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வேலையாகத் தஞ்சாவூருக்குப் போனார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ். உள்ளே போகவில்லை. வாசலில் நின்று மூச்சை மட்டும் இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் நின்றார். எப்படி உள்ளே போனார், எப்போது இலை விழுந்தது என்பது அவருக்கே தெரியாது. நிதானத்துக்கு வந்தபோது பரோட்டாவும் சுக்காவும் முடிந்து, மூளை வறுவலில் பாதி முடிந்திருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பயம் வந்தது. ஒன்று ஆண்டவரைப் பற்றிய பயம். அது பரவாயில்லை. அவர் மன்னிப்பார். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லித் தீர்த்துக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது. இன்னொன்று ரத்தத்தைப் பற்றிய பயம். நல்லெண்ணெய்த் தோசையே சாட்சி சொல்லும் என்றால், ஆட்டு மூளை சும்மா இருக்குமா? எழுந்து நின்று மேடைப் பேச்சே பேசும். மகளுடைய ஆய்வகத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டி கிடையாது.

ஊரில் இறங்கியதும் நேராக இராஜாங்கத்தின் மருந்துக் கடைக்குப் போனார். இராஜாங்கம் சின்ன வயதிலிருந்து சிநேகிதர். பாத்திமா மேரியைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் இவருக்கு மச்சான் முறை.

"செரிக்கறதுக்கு ஏதாச்சும் குடு மச்சான்."

"என்ன தின்ன மாப்ள?"

குழந்தைராஜ் சொன்னார். போட்ட ஒப்பந்தத்தையும் சொன்னார். இராஜாங்கம் கல்லாவை இழுத்துச் சாத்தினார்.

"ஒரு வழி இருக்கு மாப்ள. வேணாம், ஒனக்குப் பிடிக்காது."

"சொல்லேன்."

"வேணாம்ப்பா. தங்கச்சிக்குத் தெரிஞ்சா என் கடைக்குள்ள காலெடுத்து வைக்காது."

"அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லு."

இராஜாங்கம் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் எழுதிக் குடுத்தாரே, அதே மாத்திரை. ஈஸ்டர் வரைக்கும் கமுக்கமாப் போடு. நம்பர் பாதியா எறங்கிடும். சுரைக்காய்தான் எறக்குச்சுன்னு தங்கச்சி பேர் வாங்கிக்கட்டும். நீ கறிய வாங்கிக்க."

குழந்தைராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திட்டம் பிரமாதம். ஆனால் மாத்திரை. "எங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தார்.

"ஒங்கண்ணனுக்கு அத எடுத்துக் குடுத்தவன் நாந்தான் மாப்ள." இராஜாங்கம் இப்போது விளையாட்டாகப் பேசவில்லை. "ஒரு வாரம் போட்டதால அவரு சாகல. பத்து வருஷமா போடாததால செத்தாரு. கொஞ்சம் முன்னாடி என் கடைப் படி ஏறியிருந்தார்னா இன்னிக்கி ஒன் பக்கத்துல உக்காந்திருப்பாரு. இத ஒங்கிட்ட எத்தனையோ தடவ சொல்ல வாயெடுத்திருக்கேன். நீதான் அந்தப் பேச்சுன்னாலே எந்திரிச்சுப் போயிடுவ."

குழந்தைராஜ் அலமாரியில் இருந்த மாத்திரைப் பெட்டிகளைப் பார்த்தார்.

"டாக்டர் சீட்டு வேணுமே," என்றார்.

"எங்கிட்டதான் கெடக்கு. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டேன். தாராளமாப் போடலாம்னாரு."

சீட்டு எப்படி இங்கே வந்தது, டாக்டரிடம் எப்போது கேட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை குழந்தைராஜுக்கு. மனைவியை ஏமாற்றப் போகிற உற்சாகத்தில் இருக்கிற மனிதனுக்கு இந்த மாதிரி சில்லறை விஷயங்கள் கண்ணில் படாது. கடைத் தண்ணீரை வாங்கி, கண்ணை மூடி, அண்ணனை நினைத்து, விழுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் போனது. எட்டாம் நாள் காலையில் எழுந்து, தான் எழுந்துவிட்டோம் என்பதை நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் பாயிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. ருசி வந்துவிட்டது. மாத்திரையின் ருசி அல்ல, திருட்டின் ருசி. விளக்கு வைக்கிற நேரமானால் "வாக்கிங் போறேன்" என்று கிளம்புவார். பாத்திமா மேரி சட்டையை எடுத்துக் கையில் கொடுப்பாள்.

"வாக்கிங் ரொம்ப நல்லதுங்க. ஒரு நாளும் விட்றாதீங்க."

பாவம், நம்புகிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை முடிந்ததும் மெல்ல நழுவி மருந்துக் கடைக்குப் போய்விட்டு வருவார். இராஜாங்கம் மாத்திரையைப் பிரித்துக் கையிலேயே வைத்திருப்பார். அவர் காட்டிய அக்கறைதான் குழந்தைராஜை உருக்கியது. குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் ஒரு சாவுக்குப் போய்விட்டதால் கடைப் பக்கம் போக முடியவில்லை. மறுநாள் காலை குருத்தோலைப் பவனி போகிற தெருவில் இராஜாங்கம் நின்றுகொண்டிருந்தார். "வணக்கம் மாப்ள" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை எடுத்தபோது உள்ளங்கையில் மாத்திரை இருந்தது. ஒரு கையில் ஓலை, ஒரு கையில் மாத்திரை, வாயில் ஓசன்னாப் பாட்டு. எச்சிலோடு விழுங்கியபடியே, இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தார்.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. பாத்திமா மேரியும் தினமும் அவருடன் உட்கார்ந்து அதே சுரைக்காயைத்தான் தின்றாள். கடற்கரையில் மீன் தின்று வளர்ந்தவள். அவருக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று வாசலில் வந்த மீன்காரியைத் திருப்பி அனுப்பினாள். ஒருநாள் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"ஒனக்கு என்னம்மா வந்துச்சு? நீ தின்னலாமே."

"ஒங்களுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தொண்டையில எறங்குமாங்க?"

குழந்தைராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். பிறகு, கறி வந்ததும் முதல் துண்டை இவளுக்கே வைத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பெரிய வியாழனன்று பாவசங்கீர்த்தனத்தில் மெஸ்ஸைச் சொன்னார். மூளை வறுவலையும் சொன்னார். மாத்திரையைச் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைச் சாப்பிடுவது பாவம் என்று எந்தக் கட்டளையிலும் இல்லையே என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டார்.

ஈஸ்டருக்கு வந்த பிரின்ஸி திங்கட்கிழமை காலை ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது. மறுபடி ஸ்பீக்கர்.

"அப்பா, கெட்ட கொலஸ்ட்ரால் நூத்தி நாலு."

"முன்னாடி?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டு."

குழந்தைராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார். தொண்டையைச் செருமினார். "மேரி, வாயக் கட்டினவன் ஒலகத்தையே கட்டுவான்னு நிரூபிச்சுட்டேன். ஞாயித்துக்கிழம ஒண்ணர கிலோ. நெஞ்செலும்பாப் பாத்து வாங்கணும். ஒன் சுரைக்காய் மேல எனக்கு இப்பக் கோவமே இல்ல. பெரிய மனசோட சொல்றேன்..."

"அப்பா, இருங்க. இன்னொரு பக்கம் இருக்கு."

"அதுலயும் பாஸ்தான?"

"ஈரல் அடையாளம் மூணுல ஒரு பங்கா விழுந்திருக்கு. குடல் அடையாளம் ஏறியிருக்கு."

"நல்லதா கெட்டதா?"

"வெறும் சாப்பாட்டால கொறஞ்சிருந்தா இப்படி வராதுப்பா. யாரோ மோட்டார் ஸ்விட்ச அணைச்சிருக்காங்க. போர் நின்னுச்சுன்னதும் குடல் தன் பங்குக்கு மடையக் கொஞ்சம் கூடத் தொறந்து பாத்திருக்கு. இந்த ரெண்டும் இப்படிச் சேந்து வந்தா எங்க லேப்ல ஒரே அர்த்தந்தான். நீங்க அந்த மாத்திரை போடுறீங்க."

குழந்தைராஜ் மெதுவாக உட்கார்ந்தார். அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இராஜாங்கம் சொல்லியிருக்க மாட்டார். மாத்திரை உறையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அத்தனை பத்திரமாகச் செய்த காரியத்தை, கையிலிருந்து எடுத்த ஒரு சின்னக் குழாய் ரத்தம், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் முன்பின் தெரியாத ஒரு மெஷினிடம் சொல்லிவிட்டது. மோட்டார் நின்றதைச் சொல்லிற்று. நின்றது தெரிந்து குடல் சமாளிக்கப் பார்த்ததையும் சொல்லிற்று. தனக்குள்ளேயே இவ்வளவு பெரிய ஆறும் மதகும் கண்காணிப்பும் இருக்க, வெளியே நின்று ஷட்டர் திருகிக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. பொய் சொல்லத் தெரியாத ஒன்று தன் உடம்பிலேயே ஓடுகிறது. அவருக்குக் கை கூப்பத் தோன்றியது.

அப்புறம்தான் எதிரே மனைவி உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. இடி விழப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பாத்திமா மேரி போனைக் கையில் எடுத்தாள்.

"பிரின்ஸி, அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நடுவுல விட்டு விட்டுப் போட்டிருக்காரா, தெனமும் போட்டிருக்காரா?"

"இவ்வளவு எறங்கணும்னா தெனமும் போட்டிருக்கணும்மா."

"அப்ப பெரியப்பா மாதிரி..."

"பயம் நல்லாக் கொறஞ்சிருச்சும்மா. விடாமப் போடணும், அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அண்ணன் சாவுக்கு அப்புறம் அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்பதும் சரியாகத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று கடைசியில் புரிந்தது. அவருக்கும் கண்ணில் நீர் கோத்தது. அந்த நீரோடுதான் மூளையும் வேலை செய்ய ஆரம்பித்தது.

"மேரி. டாக்டர் சீட்டு இராஜாங்கத்துகிட்ட எப்படிப் போச்சு?"

"காலு மொளச்சு நடந்து போயிருக்கும்."

"குருத்து ஞாயிறு அன்னிக்கி அவன் ஏன் தெருவுல வந்து நின்னான்?"

"நல்ல மனுஷங்க அவரு."

குழந்தைராஜ் தனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாத்திரை போடாமல் இருந்திருந்தால் எண் இறங்கியிருக்காது. தோற்று, மாத்திரை போட்டிருக்க வேண்டும். இறக்கவேண்டும் என்று திருட்டுத்தனம் செய்தார், அதற்கும் மாத்திரைதான் போட்டிருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் அவள் வயலில்தான் போய் விழுந்திருக்கிறது. முப்பது வருஷ சர்வீசில் இப்படி ஒரு மடை அமைப்பை அவர் பார்த்ததில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் பெரிய அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி ஒரு மரியாதைதான் வந்தது.

"எப்படியோ போகட்டும். நூத்தி நாலு வந்துருச்சு. கறி உண்டா இல்லியா?"

"வெறும் சாப்பாட்டால வந்தாத்தானங்க கறி. ஒங்க ரத்தமே இல்லேங்குதே."

"அப்ப நான் தோத்துட்டேனா?"

"நான் சொல்றதக் கேக்கணும். அதான பேச்சு?"

"சொல்லு."

"போட்டுக்கிட்டிருக்கறத விடாமப் போடுங்க. இனிமே ஒளிஞ்சு போக வேணாம். வீட்டுலயே தண்ணி தரேன்."

கடைசியாக ஒரு ஆயுதம் பாக்கி இருந்தது. அதை எடுத்தார். விரலை நீட்டி, பங்குச் சாமியார் பிரசங்கம் வைக்கிற குரலில் கேட்டார்.

"அதெல்லாம் சரி. தவக்காலத்துல மாத்திரைப் பேச்சே எடுக்க மாட்டேன்னு ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்தியே. ஆண்டவரையே ஏமாத்திட்டியே. இது பாவமில்லியா மேரி? நீ எந்த முகத்தோட கோயில்ல நற்கருணை வாங்கப் போவ?"

பாத்திமா மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் எங்கங்க எடுத்தேன்? எடுத்தது இராஜாங்கம் அண்ணன். சிவன் கோயிலுக்குப் போறவரு. அவருக்கு ஏதுங்க தவக்காலம்?"